கதவு திறந்தே இருக்கிறது

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது மேலகரம். அருவி நினைப்பிலேயே போகிறவர்கள் கண்ணில் அந்த ஊர் படாது. தமிழ் படித்தவர்களோ அங்கே ஒரு நிமிஷம் நின்றுதான் போவார்கள். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் அல்லவா அது!

அந்தக் குறவஞ்சியின் நாயகி வசந்தவல்லி, பந்தாடிக் கொண்டிருந்த பெண். பவனி வந்த குற்றாலநாதரைக் கண்டாள், மனத்தைப் பறிகொடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளும் அரங்கனைத் தவிர வேறு மணாளன் வேண்டாம் என்றவள்தான். மணிமேகலையோ இளம் வயதிலேயே துறவு பூண்டு, அட்சய பாத்திரத்தைக் கையில் ஏந்திப் பசித்தவர்களைத் தேடிப் போனாள்.

ஆக, தெய்வத்துக்கென்று தன்னைக் கொடுத்துவிட்ட பெண் தமிழருக்குப் புதியவள் அல்ல. பாட்டிலும் காவியத்திலும் அவள் வந்தால் பரவசப்படுகிறோம். அதே பெண், பிளஸ் டூ முடித்த கையோடு சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, நான் கன்னியாஸ்திரீ ஆகப் போகிறேன்" என்றால்? கத்தோலிக்கக் குடும்பமானாலும் அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

தாய்க்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. "உள்ளே போனால் போனதுதான். கதவு சாத்திக் கொள்ளும். பிறகு மனம் மாறினால் என் பெண் என்ன செய்வாள்?" என்பதே அது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, மடத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்சரம் சொல்லிக் கொடுத்தவர்கள்

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1844-ல் புதுச்சேரியில் லூயி சவினியன் துய்ப்புயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், மரியன்னையின் மாசற்ற இருதயத்தின் பெயரால் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவர். தமிழ்-பிரெஞ்சு அகராதி செய்தவர்களில் ஒருவர். அவர் சேர்த்தது இந்த நாட்டுப் பெண்களை. அவர்களுக்குக் கொடுத்த வேலை, பெண் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது.

இன்று இது சாதாரணமாகத் தோன்றும். குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. பிறருக்கு அட்சரம் சொல்லித் தர வேண்டுமானால், முதலில் தான் படிக்க வேண்டுமே! மடத்துப் பயிற்சி என்பது அப்படித்தான் பல பெண்களுக்குப் பள்ளிக்கூடமாகவும் ஆயிற்று.

மேலகரத்திலிருந்து மலை ஓரமாகத் தெற்கே போனால், கன்னியாகுமரி மாவட்டத்தில் முளகுமூடு என்ற ஊர் வரும். 1956 நவம்பர் 1-ந் தேதி, செங்கோட்டையோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்த பகுதி. 1897 நவம்பரில், அது திருவிதாங்கூராக இருந்தபோது, மரி லூயிஸ் தெ மேஸ்தர் என்ற பெல்ஜியத்துச் சகோதரி ஓர் இளம் துணைவியோடு அங்கே வந்து இறங்கினார். அவருக்கு வயது 40. அநாதைக் குழந்தைகளை வளர்ப்பதில் ஆரம்பித்த அந்தப் பணி, பின்னால் ஓர் உலகச் சபையாக வளர்ந்தது. 1910-ல் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கே சகோதரிகள் போனார்கள். அந்தச் சபையின் பிறப்பிடம் ஐரோப்பாவின் பெரிய நகரம் எதுவுமில்லை, நம் முளகுமூடுதான்!

படிப்படியாக

சரி, இன்று ஒரு பெண் சபையில் எப்படிச் சேருகிறாள்? முதலில் சில காலம் மடத்தில் தங்கி, அவர்கள் வாழ்வைப் பார்க்கிறாள். விடியற்காலை எழுந்திருப்பது, ஜெபம், தியானம், திருப்பலி, பிறகு வேலை, படிப்பு, எல்லோரும் சேர்ந்து சாப்பாடு, மாலையில் ஜெபமாலை. பெருக்குவதும் பாத்திரம் துலக்குவதும் இதில் அடக்கம். அவள் மடத்தைப் பார்க்கிறாள். மடமும் அவளைப் பார்க்கிறது.

அடுத்தது நவதுறவு. திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டப்படி, 17 வயது நிரம்பாதவளை இதில் சேர்க்க முடியாது. குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும். மிரட்டியோ, வற்புறுத்தியோ, ஏமாற்றியோ சேர்த்திருந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. இந்தக் காலத்தில் அவள் எந்த நாளும் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்படலாம். சபையும், "அம்மா, இந்த வாழ்வு உனக்கு ஒத்துவராது" என்று அனுப்பி வைக்கலாம்.

அதற்குப் பிறகுதான் முதல் வார்த்தைப்பாடு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வாக்குகள். அதுவும் ஆயுளுக்கு அல்ல; குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். சாதாரணமாக 3 முதல் 6 ஆண்டுகள் வரை இப்படி இருக்க வேண்டும். தேவையானால் 9 வரை நீட்டலாம். தவணை முடியும்போது, வேண்டாமென்றால் வெளியே வரலாம். நிரந்தர வாக்குக் கொடுக்க 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதன் பின்னும் மனம் மாறினால், உரிய அனுமதி பெற்று விடுபட வழி இருக்கிறது.

அன்னை தெரசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-ல், 18 வயதில், லொரேட்டோ சபையில் சேர வீட்டை விட்டுப் புறப்பட்டார். முதல் வாக்கு 1931 மே மாதம். இறுதி வாக்கு 1937 மே மாதம். எட்டு வருஷத்துக்கு மேல்! நம் வீடுகளில் பெண் பார்ப்பது முதல் தாலி கட்டுவது வரை எத்தனை மாதம் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பளமும் சொல்வாக்கும்

ஏழ்மை என்பது பேச்சளவில் நிற்பதில்லை. ஆசிரியையாக இருக்கும் சகோதரி வாங்கும் சம்பளம் சபையின் பொதுப் பணத்தில் சேரும். அவளுக்கு வேண்டியதைச் சபை கொடுக்கும். கைக்கு வராத சம்பளத்துக்கு வருமான வரி உண்டா என்று வழக்குக்கூட நடந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் கொடுக்கும் சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் முடிவு சொல்லிவிட்டது.

மூன்றிலும் கடினமானது கீழ்ப்படிதல். ஏழைகள் நடுவே போய் வாழ வேண்டும் என்ற அழைப்பு தெரசாவுக்குத் தோன்றியது 1946 செப்டம்பரில். மேலிடத்து அனுமதி பெற்று மடத்தை விட்டுக் கிளம்பியது 1948 ஆகஸ்டில். இரண்டு வருஷம் காத்திருந்தார். தலைவி நல்லவளாக இருந்தால் கீழ்ப்படிதல் மனத்தைப் பக்குவப்படுத்தும். அதிகார மோகம் கொண்டவளாக இருந்தால் அதே கீழ்ப்படிதல் ஓர் இளம் பெண்ணை நசுக்கிவிடும். இதை மறைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.

காலம் பலவற்றை மாற்றியும் இருக்கிறது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், சகோதரிகளுக்குள் மேல்நிலை, கீழ்நிலை என்ற பிரிவு வேண்டாம் என்றது. உடையும் எளிமையாக, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்றதாக இருக்கட்டும் என்றது. நம் பக்கத்தில் பல சகோதரிகளைச் சேலையில் காண்கிறோமே, அது இந்த நாட்டு உடைதானே! எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. 1970-ல் உலகம் முழுவதும் சுமார் 10 லட்சம் துறவுச் சகோதரிகள். 2022 முடிவில் 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

திரும்பி வந்தால்?

இப்போது தாயின் பயத்துக்கு வருவோம். மடத்துக் கதவு சட்டப்படி வருஷக் கணக்கில் திறந்தே இருக்கிறது. சாத்திக் கொள்வது பெரும்பாலும் வேறொரு கதவு!

இரண்டு வருஷம் இருந்துவிட்டு, இது தனக்கு ஏற்றதல்ல என்று தெளிந்து ஒரு பெண் வீடு திரும்புகிறாள் என்று வையுங்கள். "மடத்தை விட்டு ஓடி வந்தவள்" என்று தெரு பேசும். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தடவை விசாரிப்பார்கள். ஊரார் வாய்க்குப் பயந்து பெற்றவர்களே முகம் சுளிப்பார்கள். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். அதனாலேயே, மனம் ஒட்டாமலும் அங்கேயே இருந்துவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

உங்கள் வீட்டுப் பெண் இந்த வழியைக் கேட்டால், அழுது தடுக்கவும் வேண்டாம். பெருமைக்காகத் தள்ளிவிடவும் வேண்டாம். படிப்பை முடிக்கட்டும் என்று சொல்லலாம். அந்தச் சபையைப் பற்றி நன்றாக விசாரிக்கலாம். புறப்படுகிற அன்று, அவள் தலையில் கை வைத்து இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: "பிடித்திருந்தால் சந்தோஷமாக இரு. பிடிக்காவிட்டால் எந்த நேரமானாலும் வா. உன் கட்டில் உனக்காக இங்கேயே இருக்கும்."