பயிற்சி முடிய என்ன செய்யத் தெரியும்?

2004 சுனாமிக்குப் பின்னரும் யுத்தம் ஓய்ந்த பின்னரும் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நடந்த தையல் வகுப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. மெசின் துணி போர்த்தபடி மூலையில் நிற்கிறது. மகளின் பாடசாலைச் சீருடையோ சந்தியிலுள்ள தையற்கடைக்குப் போகிறது. இப்படியான வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். குறை அந்தப் பெண்ணிடமா? பெரும்பாலும் இல்லை. வகுப்புத் தொடங்குமுன் எழுதப்பட்ட ஒரு வரியில்தான் குறை.

"பயனாளிகள் தையற்கலை பற்றிய அறிவைப் பெறுவர்." இதுதான் அந்த வரி. அறிவு பெற்றாளா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது? பார்க்க வழியில்லாதபடியால் வரவுப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அமெரிக்கரான ரொபேட் மேகர் 1962 இல் இதைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். கற்றவர் என்ன செய்து காட்டுவார், எந்த நிலைமையில் செய்வார், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும் என்ற மூன்றையும் கற்றல் நோக்கம் சொல்ல வேண்டும் என்றார். தையலுக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம்: "பத்து வயதுப் பிள்ளையின் அளவைத் தானே எடுத்து, வளவாளரின் உதவியின்றி, ஒரு நாளில் வெள்ளைச் சீருடை ஒன்றை வெட்டித் தைப்பாள். உடுத்தும்போது தோள் இழுபடாது. கீழ்மடிப்பு சுற்றிவர ஒரே அகலமாக இருக்கும்." இப்படி எழுதினால் கடதாசியில் மாத்திரம் வெட்டிப் பழக்கிவிட்டு வகுப்பை முடிக்க முடியாது. ஆளுக்கு எவ்வளவு துணி வேண்டும், எத்தனை நாள் வேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். "அறிவர்", "விளங்கிக்கொள்வர்" என்ற சொற்களுக்குள் இவையெல்லாம் ஒளிந்துவிடுகின்றன.

எமது நாட்டுக்கு இது புதிதல்ல. 2007 இல் 6 ஆம், 10 ஆம் தரங்களில் தொடங்கிய பாடத்திட்ட மாற்றம் தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்டதே. என்.வீ.கியூ என்று நாம் சொல்லும் தேசிய தொழிற் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. வகுப்பில் இருந்த நாட்களை அல்ல, செய்து காட்டும் வேலையையே அதில் மதிப்பிடுகிறார்கள். முன்னர் கற்றதை அங்கீகரிக்கும் வழியும் அதில் இருக்கிறது. இடம்பெயர்ந்து, படிப்பு இடையில் நின்று, பிறருக்குத் தைத்தே தொழில் பழகிய ஒருத்தி தன் அனுபவத்துக்குச் சான்று காட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். எதைச் செய்து காட்ட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருப்பதால்தான் அவளுக்கு அந்தக் கதவு திறக்கிறது.

சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றி அரை நாள் பேசுகிறார்கள். தேநீர் குடித்துக் கலைகிறோம். "பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று, தாளைப் பாராமல் அயலாளுக்குச் சொல்வாள்" என்பதை நோக்கமாக வைத்திருந்தால், கலையுமுன் ஒவ்வொருவரையும் சொல்ல வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் இப்படி அளக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளையைக் காணாமல் தேடும் தாய் நாலு பேரோடு இருந்து பேசவென்றே வகுப்புக்கு வரக்கூடும். அந்த ஆறுதலுக்கு அளவு நாடா இல்லை. அதைப் படிவத்தில் நிரப்பவும் வேண்டாம். ஆனால் தொழில் தருகிறோம் என்று அழைத்தவர்கள் தொழிலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை மாதர் சங்கத்துக்கு ஒரு பயிற்சி வந்தால், முதல் நாளே கேளுங்கள்: "ரீச்சர், இது முடிய நான் தனிய என்ன செய்வன்?" கிடைக்கும் பதிலைச் சங்கக் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். கடைசி நாளில், சான்றிதழ் வாங்குமுன், அந்தப் பக்கத்தைத் திறந்து எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்.