ஓசிஐ கார்டு இருக்கு, வைத்தியத்துக்கு என்ன வழி?

சிங்கப்பூர் குடியுரிமை வாங்கின ஒருத்தர், ரிட்டயர் ஆனதும் கொடும்பாளூருக்கே திரும்பி வர்றார்னு வச்சுக்குவோம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆனா ஓசிஐ கார்டு இருந்தா அதுவே ஆயுள் விசா. எத்தனை வருஷம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம்.

சிக்கல் வைத்தியத்துலதான். சிங்கப்பூரோட மெடிஷீல்டு லைஃப் காப்பீடு இங்க நடக்கிற சிகிச்சைக்குப் பணம் தராது. நெஞ்சுவலின்னா 108 இலவசமா வரும். ஆனா சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, திருச்சி தனியார் மருத்துவமனை பில்லை நம்மதான் கட்டணும்.

அதனால ஊருக்கு வந்ததுமே இந்தியக் காப்பீடு எடுத்துடுங்க. சர்க்கரை, பிரஷர் இருந்தா மறைக்காம எழுதுங்க. மறைச்சா கிளெய்ம் நிக்காது. 2024 விதிப்படி, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். அது பாலிசி எடுத்த நாள்லேருந்துதான் ஓடும். தள்ளிப்போடற ஒவ்வொரு மாசமும் நமக்குத்தான் நஷ்டம்.