சாப்பிட்டது எவ்வளவு?

நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று யாராவது கேட்டால் சரியாகச் சொல்லிவிட முடியுமா, நேயர்களே? நடுவில் கொறித்த முறுக்கு கணக்கிலேயே வராது. உணவு ஆராய்ச்சிக்கு இதுதான் தீராத தலைவலி.

அதனால்தான் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற விஞ்ஞானியின் குழு, 20 பேரை நான்கு வாரம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்துச் சாப்பாடு போட்டது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு. இரண்டு வாரம் காய், பழம், இறைச்சி என்று பக்குவமாகச் சமைத்த உணவு. பரிமாறிய இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. பாக்கெட் உணவில் நார்ச்சத்து போதவில்லை என்று அதை எலுமிச்சை பானத்தில் கலந்து கொடுத்தார்கள் என்றால் பாருங்களேன்!

வயிறு கேட்கும் மட்டும் சாப்பிடலாம். தட்டில் மிஞ்சியதை மட்டும் ஒவ்வொரு வேளையும் எடைபோட்டுக் குறித்துக்கொண்டார்கள். உடம்பு பூசுவதோ இளைப்பதோ அவர்களுக்கே தெரியக்கூடாது என்று தொளதொளவென்ற உடை வேறு.

முடிவு 2019இல் வெளியானது. பாக்கெட் உணவு நாட்களில் அவர்கள் வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகவும் சாப்பிட்டார்கள். அதிகமாகச் சாப்பிடுவதற்குச் சர்க்கரையும் கொழுப்பும் மட்டுமே காரணம் என்று இனி யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

பாக்கெட் உணவு சாப்பிட்ட இரண்டு வாரத்தில் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது. சமைத்த உணவு சாப்பிட்ட இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது.