பனிக்கட்டியின்மேல் வெறுங்கால்

உறைந்த ஏரியில் சிக்கிய அன்னத்தை ஒருவர் கம்பளியில் சுற்றித் தூக்கிச் செல்லும் ஐரோப்பியப் படக்காட்சியைக் கைப்பேசியில் கண்ட தென்காசி வாசகர் ஒருவர், அதன் வெறுங்கால்கள் விறைத்துப்போகாவா, அருகில் நெருப்பு மூட்டிவைத்தால் பிழைக்குமா என்று கேட்கிறார். கருணை மிகுந்த கேள்விதான்; ஆயினும், அன்ன இனம் ஒன்றில் எண்ணிப் பார்த்தபோது இருபத்தையாயிரத்துக்கு மேல் இறகுகள் இருந்தன என்பதால், அதற்குக் கம்பளியும் வேண்டாம், கணப்பும் வேண்டாம். இறகில்லாத காலின் சங்கதியோ அதைவிட ரஸமானது.

அன்னத்தின் சரீர உஷ்ணம் ஏறக்குறைய 40 டிகிரி. பனிக்கட்டியை மிதிக்கும் பாதமோ உறைநிலைக்குச் சற்றே மேலே. காலின் மேற்பகுதியில், கீழிறங்கும் சுடுரத்தக் குழாய்களும் மேலேறும் குளிர்ரத்தக் குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. குற்றாலத்துப் பேரருவிக்கு ஒரு குறுகிய சந்து வழியாகவே போக வேண்டும் என்றும், நனைந்து திரும்புவோரும் உலர்ந்து செல்வோரும் அதில் உரசிக்கொண்டே நகர்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் ஒவ்வோர் அடியிலும் தம்மினும் அதிகமாக நனைந்தவரையே எதிர்கொள்வதால், அருவியை அடையுமுன்னரே ஏறக்குறைய முழுதும் நனைந்துவிடுவார். திரும்புகிறவரோ கடைத்தெருவை எட்டுமுன் துண்டு வேண்டாதபடி உலர்ந்துவிடுவார். இரு வரிசையும் ஒரே திசையில் சென்றால், ஈரம் பாதிக்குப் பாதி பங்கிடப்பட்டதோடு வியாபாரம் முடிந்துவிடும். எதிரெதிரே செல்வதால்தான், வருகிறவர் அனைவரும் முன்னமே நனைந்திருக்க, அருவி நனைப்பதற்கு ஆளின்றி வீணே விழுகிறது. துண்டு விற்பவர் கடையைக் கட்டுகிறார். எண்ணெய் தேய்த்துச் சென்றவரின் எண்ணெய் யார் தலையில் சேர்ந்தது என்ற வழக்கை மட்டும் நான் விசாரிக்கப் போவதில்லை. ஈரம் என்ற இடத்தில் குளிர் என்றும், அருவி என்ற இடத்தில் பனிக்கட்டி என்றும் வைத்துப் படித்தால் அன்னத்தின் கால் விளங்கிவிடும்.

இதைப் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார் 1876-இல் ஊகித்தார். உடலியல் அறிஞர் ஷோலாண்டர் 1950-களில் விளக்கிக் காட்டினார். சரித்திரம் இவ்வளவு போதும்.

ஆகவே சிக்கிய அன்னத்தைக் கொல்வது குளிரன்று, பசி. நீருக்கடியிலுள்ள பாசியும் தாவரங்களும் பனிக்கட்டியால் மூடப்படுகின்றன. பத்துக் கிலோ எடையுள்ள அப்பறவை நீர்ப்பரப்பின்மேல் நெடுந்தூரம் ஓடியே எழும்ப வேண்டியிருப்பதால், பறந்து தப்பவும் வழியில்லை. சிறிது உறையாத நீர்ப்பரப்பு, கோதுமை, கீரை ஆகியவையே மெய்யான உதவி. பனிக்கட்டியில் வெறுமனே உட்கார்ந்து இளைப்பாறும் அன்னத்தைத் துரத்திப் பிடித்து 'மீட்ட' காட்சிகளுக்கு எத்தனை லட்சம் பேர் உருகினாலும், அதனால் பறவைக்குக் கிடைப்பது பீதி ஒன்றே.

நம் குளங்களுக்கு அன்னம் வருவதில்லை. இமயத்தைக் கடந்து கூந்தன்குளத்துக்கு வருவது பட்டைத்தலை வாத்து. அது காயமுற்றுக் கோடையிலும் இங்கே தங்கிவிட்டால், அதன் சத்துரு வெயில். அப்போது காலுக்கு ரத்தத்தை மிகுதியாகப் பாய்ச்சி, அதன் வழியே உஷ்ணத்தை வெளியேற்ற முயலும். அத்தகைய பறவையைக் கண்டால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிழலில் வையுங்கள். அலகைத் திறந்து நீர் ஊற்றாதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அன்பு மிகுதியால் வீட்டிலேயே வளர்க்கத் துணிந்தால், அது 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.