காருக்கு ‘மூக்கு’ மாற்றும் வாலிபர்கள்! மழை தண்ணீரை உறிஞ்சினால் என்ஜின் காலி!

சென்னையில் வேக கார் வைத்திருக்கும் வாலிபர்களுக்கு ஒரு மோகம். காருக்கு ‘மூக்கு’ மாற்றுவதுதான் அது!

மனிதன் மூக்கால் மூச்சு விடுகிறான். காரும் அப்படித்தான். பானட்டை திறந்தால் ஒரு கறுப்பு பெட்டி தெரியும். அதற்குள் ஏர் பில்டர் இருக்கும். அங்கிருந்து ஒரு குழாய் என்ஜினுக்கு போகும். இதுதான் காரின் மூக்கு.

இதை கழற்றி வைத்துவிட்டு, பளபளக்கும் அலுமினிய குழாயையும், கூம்பு மாதிரி இருக்கும் பில்டரையும் மாட்டுகிறார்கள். இதற்கு ‘கோல்டு ஏர் இன்டேக்’ என்று பெயர். வெளியில் இருக்கும் குளிர்ந்த காற்றை என்ஜினுக்கு கொண்டு போகும் குழாய் என்று அர்த்தம்.

போலோ ஜி.டி., ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற கார்களை வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது இந்த மூக்கில்தான்.

“அண்ணே, பிக்கப் ஏறணும். சத்தமும் வரணும்ணே!”

ஒர்க் ஷாப்பில் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

ஆனால் புது மூக்கின் நுனி எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தப்பான இடத்தில் இருந்தால் பிக்கப் ஏறாது. இன்னும் தப்பான இடத்தில் இருந்தால், மழைக்காலத்தில் என்ஜினே போய்விடும்!

9 ஆயிரம் லிட்டர்

பெட்ரோல் தனியாக எரியாது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த கணக்குப்படி 1 லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்றை கார் குடிக்கிறது!

காற்று சூடானால் விரியும். விரிந்த காற்றில் ஆக்சிஜன் குறைவு. 30 டிகிரி காற்றைவிட 60 டிகிரி காற்று ஏறத்தாழ 9 சதவீதம் லேசானது. என்ஜின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறையும். அதனால் சக்தியும் குறையும்.

குளிர்ந்த காற்றுக்கு இத்தனை கிராக்கி இருப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் இது பழைய வித்தை. 1966-ம் ஆண்டிலேயே ‘ஓல்ட்ஸ்மொபில்’ கம்பெனி தனது ‘4-4-2’ காரில், ‘டபிள்யூ-30’ என்ற ரகத்துக்கு முன் பம்பரில் இருந்து கார்புரேட்டர் வரை காற்றுக்குழாய் போட்டது. குழாய்க்கு இடம் போதவில்லை. அதற்காக பேட்டரியை தூக்கி டிக்கியில் வைத்தார்கள்!

3 ரகம்

கார் உதிரிபாக கடைகள் வரிசை கட்டி நிற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு போனாலும் சரி, செல்போனில் ஆர்டர் போட்டாலும் சரி, தேர்ந்து எடுக்க வேண்டியது 3 ரகத்தில்தான்.

முதல் ரகம், குட்டை குழாய். பில்டர் பானட்டுக்குள்ளேயே, என்ஜின் பக்கத்தில் நிற்கும். விலை குறைவு. மாட்டுவதும் சுலபம். சத்தம் ஜோராக வரும். ஆனால் சிக்னலில் 2 நிமிடம் நின்றால் பானட்டுக்குள் அனல் பறக்கும். அந்த அனலையே என்ஜின் திரும்பவும் குடிக்கும். பெயர்தான் குளிர்காற்று. உள்ளே போவது சூடான காற்று!

2-வது ரகம், நீளக்குழாய். பில்டர் கீழே இறங்கி, பம்பருக்கு பின்னாலோ, மட்கார்டுக்கு உள்ளேயோ இருக்கும். வெளிக்காற்று நேராக வரும். உண்மையான குளிர்காற்று இதுதான். உண்மையான ஆபத்தும் இதில்தான்.

3-வது ரகம், மூடிய பெட்டி. பில்டரை சுற்றி பெட்டி இருப்பதால் என்ஜின் சூடு நெருங்காது. பெட்டியின் வாய் கிரில்லுக்கு பின்னால் உயரத்தில் இருக்கும். விலை கூடுதல். சத்தம் கொஞ்சம் கம்மி. ஆனால் சென்னை வெயிலுக்கும், சென்னை மழைக்கும் ஏற்றது இந்த ரகம்தான்.

காது செய்யும் மாயம்

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு.

இப்போது வரும் கார்கள் பலவற்றில் கம்பெனி வைத்த மூக்கே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதன் வாய் ரேடியேட்டருக்கு மேலே, கிரில்லை ஒட்டி இருக்கும். அதனால் மூக்கை மட்டும் மாற்றினால் கிடைப்பது சில குதிரை சக்திதான். சில கார்களில் அதுவும் கிடைக்காது.

டர்போ வைத்த கார் என்றால் கதையே வேறு. டர்போ அழுத்தும்போது காற்று எப்படியும் சூடாகிவிடும். அதை குளிர வைப்பது ‘இன்டர்கூலர்’ என்ற தனி கருவியின் வேலை. இந்த கார்களில் குழாய் செய்யும் உதவி, காற்றை தடை இல்லாமல் கொண்டு போவதுதான்.

அப்படியானால், “அண்ணே, வண்டி பறக்குதுண்ணே!” என்று சொல்கிறார்களே, அது எப்படி?

எல்லாம் காது செய்யும் மாயம். கறுப்பு பெட்டி அடக்கி வைத்திருந்த உறுமல் வெளியே கேட்கிறது. சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனது நினைக்கிறது!

உண்மை தெரிய வேண்டுமா? என்ஜின் சக்தியை அளக்கும் ‘டைனோ’ எந்திரத்தில், மாட்டுவதற்கு முன்பு ஒரு முறையும், மாட்டிய பின்பு ஒரு முறையும் காரை ஏற்றி பார்க்க வேண்டும். அதுவும் ஒரே நாளில், ஒரே வெயிலில் பார்க்க வேண்டும்.

மாட்டுவது எப்படி?

என்ஜின் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். பிறகு கிளாம்புகளை தளர்த்தி, பழைய பெட்டியை எடுக்கலாம்.

பல கார்களில் குழாயின் மேல் ஒரு சென்சார் இருக்கும். எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து கம்ப்யூட்டருக்கு சொல்வது இதுதான். உள்ளே முடி போன்ற கம்பி இருக்கும். அதில் விரல் படக்கூடாது. புது குழாயில் திசை மாறாமல் பொருத்த வேண்டும்.

குழாயின் அகலம் மாறினால் சென்சாரின் கணக்கு தப்பிவிடும். டாஷ் போர்டில் ‘செக் என்ஜின்’ விளக்கு எரியும். அதனால் அந்த மாடல் காருக்கென்றே செய்த குழாயைத்தான் வாங்க வேண்டும்.

எண்ணெய் பூசும் துணி பில்டரிலும் கவனம் தேவை. கழுவிவிட்டு எண்ணெயை அள்ளி ஊற்றினால், அது காற்றோடு போய் சென்சாரில் படியும். அளவோடு பூச வேண்டும்.

கடைசியாக கிளாம்பு. ஒரு கிளாம்பு லூசாக இருந்தாலும், பில்டரில் வடிகட்டாத காற்று அந்த சந்து வழியாக புகும். ரோட்டு தூசி நேராக என்ஜினுக்குள் போய் உள்பாகங்களை தேய்க்கும்.

தண்ணீர் அமுங்காது

இனி மழைக்கு வருவோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலையும் சென்னை மறக்காது. தெருவில் நின்ற கார்கள் தண்ணீரில் மூழ்கின. ஆனால் நீளக்குழாய் மாட்டிய காருக்கு அவ்வளவு பெரிய வெள்ளம் தேவை இல்லை. பம்பர் அளவு தண்ணீர் தேங்கிய ஒரு சுரங்கப்பாதை போதும்!

தூறலோ, சாரலோ பட்டால் பயம் இல்லை. பில்டர் தண்ணீரில் மூழ்கினால்தான் வினை. தண்ணீருக்குள் கார் ஓடும்போது முன்னால் அலை எழும்பும். எதிரே பஸ் வந்தால் இன்னும் ஒரு அலை வரும். அந்த நேரத்தில் பில்டர் மூழ்கினால், காற்றுக்கு பதில் தண்ணீர் உள்ளே போகும்.

பிஸ்டன் மேலே வரும்போது காற்று அமுங்கும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டனை தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நேரம் உடைந்து, என்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுவிடும். காரின் விலை உயர்ந்த பாகம் ஒரு நொடியில் இரும்புக்கடை சரக்கு!

அதனால் மெக்கானிக்குகள் சொல்லும் முதல் பாடம் இது:-

“தண்ணியில ஆப் ஆயிடுச்சா? மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது தம்பி. தள்ளிட்டு வா, இல்லன்னா கட்டி இழுத்துட்டு வா!”

ஆப் ஆன என்ஜின் ஒருவேளை பிழைத்திருக்கலாம். திரும்பவும் சாவியை திருப்பினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

கை விரித்தால்...

‘இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. சாதாரண பாலிசியில், தண்ணீர் புகுந்து என்ஜின் கெட்டால் பொதுவாக பணம் வராது. ‘என்ஜின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பாலிசி தனியாக எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுத்திருந்தாலும், சொல்லாமல் பாகத்தை மாற்றி இருந்தால் தகராறு வரலாம். கம்பெனி வாரண்டிக்கும் இதே கதிதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு தடை போடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலும் இஷ்டத்துக்கு மாட்ட முடியாது. புகை சோதனையில் தேறி, அரசு அனுமதி எண் பெற்ற குழாயாக இருக்க வேண்டும்.

வேகத்தை காட்ட இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் மைதானம் இருக்கிறது. அங்கே ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு குதிரை சக்தியும் முக்கியம். தினமும் ஆபீசுக்கு போகும் காருக்கு அப்படி இல்லை.

ஆசை விடவில்லை என்றால் மூடிய பெட்டி ரகத்தை வாங்கலாம். நீளக்குழாயைத்தான் மாட்டுவேன் என்றால் ஒரு காரியம் செய்ய வேண்டும். கழற்றிய கறுப்பு பெட்டியை காயலான் கடையில் போடக்கூடாது. பரணில் பத்திரமாக வைத்திருந்து, ஐப்பசி பிறக்கும் முன்பு திரும்ப மாட்டிவிட வேண்டும்.

அரை மணி நேர வேலைதான். சோம்பல்பட்டால், மழை விட்ட பிறகு மூக்கு மட்டும் மிஞ்சும். மூச்சு விட என்ஜின் இருக்காது!