பர்மா அரிசியும் சென்னை மாகாணமும்

சென்னை மாகாணம் தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவித்துக்கொண்டது என்றும், வெளியிலிருந்து வந்தது சொற்பமே என்றும் எண்ணுவோர் பலர். இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன் வெளியிலிருந்து வந்த அரிசி உள்நாட்டு விளைவில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். ஆனால் விளைந்த நெல் முழுவதும் சந்தைக்கு வருவதில்லை என்பதைக் குடியானவர்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை. நூறு கலம் விளைந்த மிராசில் சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஆட்கூலிக்கும் எழுபது கலம் போயின், விலைக்கு நிற்பது முப்பது கலமே. நூற்றுக்கு ஐந்து என்று காணும் இறக்குமதியை அந்த முப்பதோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்காகிவிடுகின்றது. துறைமுகப் பட்டணங்களில் நெல் விலையைக் கப்பல் அரிசி ஆட்டிவைத்ததன் காரணம் இதுவே.

1852-ம் வருஷத்தில் கீழ்ப் பர்மா பிரிட்டிஷார் வசமாயிற்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதி நதியின் கழிமுகக் காடுகள் விரைவாக வெட்டித் திருத்தப்பட்டு நெல் வயல்களாயின. அவ்வேலைக்கு வேண்டிய முதலில் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ரங்கூன் ஆலைகளிலும் துறைமுகத்திலும் தமிழ், தெலுங்கு ஜில்லாக்களிலிருந்து சென்ற கூலிகள் திரளாக உழைத்தனர். ஜனநெருக்கம் குறைவான நாடாகையால் அங்கு மிச்சம் அதிகம். முதலில் ஐரோப்பாவுக்கே மிகுதியாகச் சென்ற அவ்வரிசி பின்னர் இந்தியாவின் பக்கம் திரும்பிற்று. 1930-ஐ அடுத்த வருஷங்களில் பர்மா ஏற்றுமதி செய்த சுமார் 30 லட்சம் டன்னில் ஏறக்குறையப் பாதி இந்தியாவுக்கு வந்தது. தென்னையும் மிளகும் மிகுந்து நெல் நிலம் சுருங்கிய மலையாளம், கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய பகுதிகள் இதையே பெரிதும் நம்பியிருந்தன.

1929-ல் தொடங்கிய விலைவீழ்ச்சியில் நெல் விலை சில வருஷங்களுக்குள் ஏறக்குறையப் பாதியாயிற்று. 1934-ல் மேட்டூர் அணை முடிந்து காவிரிப் பாசனத்தில் புது நிலங்கள் சாகுபடிக்கு வந்ததும் இதே சமயத்தில்தான். பர்மா அரிசியோடு சயாம், இந்தோசீனா நொய்யரிசியும் வந்து குவியவே, தஞ்சாவூர் மிராசுதார்கள் பாதுகாப்பு கோரினர். 1935-ல் அயல்நாட்டு நொய்யரிசிக்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. பர்மா அப்பொழுது இந்தியாவின் பகுதியாகையால் அதன் அரிசிக்கு வரி இல்லை. 1937-ல் அது தனி நாடாகப் பிரிந்தபோதும் வரி உடனே விதிக்கப்படவில்லை. அங்கும் குடியானவன் சுகப்பட்டான் இல்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார்களின் நிலம், கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்து, 1938-க்குள் 25 பங்காயிற்று. மலிந்த அரிசி விளைந்த நாட்டானையும் வாங்கிய நாட்டு மிராசுதாரையும் ஒருங்கே நசுக்கிற்றென்றே கூறவேண்டும்.

1942 மார்ச்சு மாதம் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பல்கள் நின்றன. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மாண்டனர். பர்மா அரிசி நின்றது அதற்கு ஒரு காரணமேயன்றி முழுக்காரணமன்று. 1942 அக்டோபர் மாதப் புயலும், பதுக்கலும், சர்க்காரின் தவறுகளும் சேர்ந்தே அக்கேட்டை விளைவித்தன. மேற்குக் கரையில் மரவள்ளிக் கிழங்கு பல வீடுகளில் அரிசியின் இடத்தைப் பெற்றது. பட்டணங்களில் பங்கீடு ஏற்பட்டு, கோதுமையைப் பார்த்தறியாத வீடுகளிலும் கோதுமை வந்து நுழைந்தது.

கப்பலில் வந்ததற்கு ஈடாகக் கிராமங்களிலிருந்தே நெல்லைக் கொள்முதல் செய்ய நேர்ந்தது. அப்பொழுதுதான் கர்ணத்தின் அடங்கல் கணக்கு எவ்வளவு பாரமுடையது என்பது வெளிப்பட்டது. மேற்கூறிய மிராசில் விளைவு நூறு கலமாயிருக்க, நூற்றுப்பத்து என்று மதிப்பிட்டுவிட்டால் பிழை பத்தில் ஒன்றே. ஆனால் கொடுக்கவேண்டிய மிச்சம் முப்பதுக்குப் பதில் நாற்பதாகி, குறையும் பத்துக் கலம் வீட்டுக் குதிரிலிருந்தோ விதைக் கோட்டையிலிருந்தோ எடுக்கப்படவேண்டும். குறைத்து மதிப்பிட்டாலோ அந்தப் பத்துக் கலம் இரவோடிரவாகக் கறுப்புச் சந்தைக்குப் போகும். பட்டணத்துப் பங்கீட்டுக் கடையில் அவ்வளவும் குறையும்.

1947 டிசம்பரில் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, விலை ஏறவே, 1948-ல் மீண்டும் வந்தது. சென்னையில் ராஜாஜி 1952 ஜூன் மாதம் அதை நீக்கினார். 1956 முதல் அமெரிக்கக் கோதுமை ஒப்பந்தப்படி வரலாயிற்று. மழை பொய்த்த பின் 1966-ல் இந்தியாவின் தானிய இறக்குமதி சுமார் ஒரு கோடி டன்னை எட்டிற்று. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தஞ்சாவூரில் வேலையைத் தொடங்கிற்று. ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 முதலிய ரகங்கள் பரவியதும் அக்காலத்திலேயே. 1970-களின் இறுதிக்குள் பெரும் இறக்குமதி ஓய்ந்தது. 2012-ஐ ஒட்டி உலகில் அரிசி ஏற்றுமதியில் இந்தியா முதலிடம் பெற்றது. பர்மாவோ அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தன் பழைய 30 லட்சம் டன்னை எட்டாமலே இருந்தது.

மேற்குக் கரையின் நிலை மட்டும் அதிகம் மாறவில்லை. கேரளம் உண்ணும் அரிசியில் பெரும்பகுதி இன்றும் வெளியிலிருந்தே வருகின்றது. ஆந்திரம், பஞ்சாப் முதலிய இடங்களிலிருந்து ரயிலில் வருவதால் அது இறக்குமதிக் கணக்கில் ஏறுவதில்லை.