யாழ்ப்பாணத்து நினைவுக் கல்வெட்டுகள்: நாளும் ஊரும் உறவும்

ஆய்வுச்சுருக்கம்

யாழ்ப்பாணச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த 31ஆம் நாளையொட்டி அச்சிட்டு வழங்கப்படும் சிறுநூல் 'கல்வெட்டு' எனவும் 'நினைவு மலர்' எனவும் பெயர் பெறும். புலமை இலக்கிய வரலாறுகள் பொருட்படுத்தாத இவ்வெளியீடுகள், அண்மையில் மறைந்த சாதாரண மனிதர்களைப் பற்றி அவர்தம் ஊரார் எழுதிவைத்த எழுத்துச் சான்றுகளாகும். இறந்தவரை நாள், ஊர், உறவு ஆகிய மூன்றோடும் பிணைப்பதே இவ்வகையின் தொழில் என்றும், அதன் ஆவணப் பெறுமதியும் அதன் மௌனங்களும் அத்தொழிலிலிருந்தே பிறக்கின்றன என்றும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, நினைவு மலர், சரமகவி, திதி வெண்பா, புலம்பல், மரண அறிவித்தல், உள்ளூர் வரலாறு

பெயரும் பின்புலமும்

கல்வெட்டு என்றதும் தமிழக ஆய்வாளர் மனத்தில் கோயிற்சுவரும் நடுகல்லும் தோன்றும். ஈழத்துத் தமிழ் வழக்கில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அந்தியேட்டி வீட்டுக்குச் சென்றவர் மதிய போசனத்தின் பின் கையில் வாங்கிவரும் சிறுநூலே அது. அட்டையில் இறந்தவரின் படமும் பிறந்த, இறந்த நாள்களும் இருக்கும். உள்ளே பஞ்சபுராணப் பாடல்கள், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, உறவினர் பெயரால் அமைந்த புலம்பற் பாக்கள், இரங்கலுரைகள், ஈற்றில் நன்றி நவிலல் என்பன இடம்பெறும். கல்லில் வெட்டப்படாத ஒன்றைக் கல்வெட்டு எனல் ஈழத்தில் புதிதன்று. திருக்கோணேச்சரத்தின் வரலாற்றையும் அக்கோயிலின் தொழும்பு முறைகளையும் கூறும் 'கோணேசர் கல்வெட்டு' அப்பெயர் பூண்ட நூலே. அழியாது நிற்கவேண்டிய பதிவு என்ற கருத்தே பெயரின் வழியாகத் தாளுக்கு இடம் மாறியிருக்கிறது எனலாம்.

இதன் இலக்கியத் தொடர்ச்சியைச் சங்கப் பாடல்களின் கையறுநிலைத் துறையோடும் நடுகல் வழிபாட்டோடும் இணைத்துக் காட்டுவது கட்டுரையாளர் வழக்கம். அவ்விணைப்பில் உண்மை உண்டெனினும் அதை எல்லை கடந்து நீட்டுதல் தகாது. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களுட் பெரும்பாலானவை வேந்தரையும் வேளிரையும் இழந்த புலவரின் கூற்றுகள். யாழ்ப்பாணத்துக் கல்வெட்டோ ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், கொழும்பில் கடை நடத்தியவருக்கும், ஊர் எல்லையைத் தாண்டாத இல்லத்தரசிக்கும் உரியது. நெருங்கிய முன்னோடி சரமகவி ஆகும். கற்றோர் மறைந்தபோது அவர்தம் மாணாக்கரும் நண்பரும் இரங்கற்பாக்கள் இயற்றும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் வேரூன்றியிருந்தது. அச்சு எளிதானபோது அவ்வழக்கம் கற்றோர் வட்டத்தைக் கடந்து குடும்பங்களின் கைக்கு வந்தது. 31ஆம் நாட் கிரியை அதற்கு ஒரு காலக்கெடுவையும் ஒரு வாசகர் கூட்டத்தையும் தந்தது. கிரியை முடிந்தபின் கூடியிருப்போர் முன் கல்வெட்டை இராகத்தோடு படிப்பது பழைய முறை. ஆகவே முதலில் இது கேட்கப்பட்ட பனுவல்; பிறகே வாசிக்கப்பட்டது.

திதி வெண்பா

நூலின் மிகச் சிறிய உறுப்பாகிய திதி வெண்பாவே என் கருத்தில் அதன் மூலக்கரு. இறந்த ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா என்பது, திதி, இறந்தவர் பெயர், அவர் இறைவனடி சேர்ந்தமை ஆகியவற்றை அது நான்கடிக்குள் அடக்கும். பாவின் சுவை இங்கு இரண்டாம் பட்சம். ஆட்டைத் திவசமும் அதன்பின் ஆண்டுதோறும் வரும் சிராத்தமும் ஆங்கிலத் தேதியைக் கொண்டு செய்யப்படுவதில்லை. மாதத்தையும் திதியையும் கொண்டே செய்யப்படுகின்றன. எனவே பேரப்பிள்ளைகள் காலத்திலும் திதி மறவாதிருக்க அதை யாப்பிற் கட்டி வைத்தனர். வெண்பாவின் தளைக்கட்டு ஒரு சொல்லை மாற்றினாலும் ஓசை கெடுமாறு செய்வதால், பதிவுக்கு அது காவலாகவும் அமைந்தது.

ஆய்வாளர் இங்கு ஒரு சிக்கலை எதிர்கொள்வார். ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுச் சுழற்சியில் மீள்வன. விரோதி என்ற ஆண்டு 1949 ஏப்ரல் முதல் 1950 ஏப்ரல் வரையிலும் நிகழ்ந்தது. 2009 ஏப்ரல் முதல் 2010 ஏப்ரல் வரையிலும் நிகழ்ந்தது. அட்டை கிழிந்து திதி வெண்பா மட்டும் எஞ்சிய படியொன்றில் விரோதி என்றிருந்தால் அது எந்த விரோதி? தாளும் அச்சும் இங்கு உதவும். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்டதா, கணினி எழுத்துருவா என்பது முதல் அடையாளம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சுத்தாள் அரிதாக இருந்தது. அக்கால வெளியீடுகளின் தாளே அவற்றின் காலத்தைச் சொல்லிவிடும். பக்கமும் திதியும் கிடைப்பின் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுச் சரியான நாளையே கணித்துவிடலாம்.

வாழ்க்கை வரலாறும் உறவுத் தொடரும்

வாழ்க்கை வரலாற்றுப் பகுதி பெரும்பாலும் ஊர்ச்சிறப்போடு தொடங்கும். சைவமும் தமிழும் தழைத்த ஊர், வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊர், இன்ன கோயில் அருள்பாலிக்கும் ஊர் என வரும் தொடர்கள் வாய்பாடாக இறுகியவை. விரைந்து படிப்பவர் இவற்றைத் தள்ளிவிடுவர். ஆயினும் குறிச்சிப் பெயர், வளவுப் பெயர், சிறு வைரவர் கோயிலின் பெயர், மூடப்பட்டுவிட்ட பள்ளியின் பழைய பெயர் ஆகியன இவ்வாய்பாடுகளின் இடையிலேயே கிடக்கின்றன. தொடர்ந்து வரும் தொழில் விவரங்களில் ஒரு நூற்றாண்டின் நகர்வைக் காணலாம்: மலாயாவில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய பாட்டன், தென்னிலங்கையில் எழுதுவினைஞராக இருந்த மகன், கனடாவில் வாழும் பேரன்.

இப்பகுதியோடு ஒத்த நடையில் அமைவது நாளிதழ் மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தந்தையும், இன்னாரின் சகோதரரும், மைத்துனரும், சகலனும், பேரனும் ஆவார் என ஒரே வாக்கியமாக நீளும். எண்ணும்மையால் இத்தனை உறவுகளையும் ஒரு பயனிலையில் முடிக்கும் இவ்வாக்கியம் தமிழ் உரைநடையில் தனித்து ஆராயத்தக்கது. இலக்கணத்தில் எழுவாய் இறந்தவரே. பொருளிலோ அவர் பல குடும்பங்கள் சந்திக்கும் ஒரு புள்ளி. பெண் கொடுத்தோர், எடுத்தோர் பெயர்களும் அடைப்புக்குள் வரும் நாட்டுப் பெயர்களும் திருமண உறவுகளையும் புலப்பெயர்வையும் ஒருங்கே வரைந்து காட்டுகின்றன. காலஞ்சென்ற என்ற அடை யார் பெயருக்கு முன் வருகிறது என்பதைக் கொண்டு ஒரு தலைமுறையில் எஞ்சியிருப்போரைக் கணக்கிட முடியும்.

சாதி நேரே எழுதப்படுவதில்லை. குறிச்சிப் பெயரும் கோயில் உரிமையும் தெரிந்தவருக்கு அதை எழுதவேண்டிய தேவையும் இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நிகழ்ந்த ஆலய நுழைவுப் போராட்டம் போன்ற ஊரைப் பிளந்த நிகழ்ச்சிகளை வாழ்ந்து கடந்தவரின் வரலாற்றில், அவர் எப்பக்கம் நின்றவராயினும், அதைச் சொல்ல இவ்வகையின் புகழ்மொழி இடம் தருவதில்லை. அச்சுச் செலவைத் தாங்க முடிந்த குடும்பங்களே கல்வெட்டு வெளியிட்டன என்பதையும் சேர்த்து நோக்கினால், தொகுப்பு எவ்வளவு பெரிதாயினும் அதை ஊரின் முழுமையான பிரதிநிதியாகக் கொள்ள இயலாது என்பது விளங்கும். கணக்கெடுப்பு முறையில் இவற்றைப் பயன்படுத்த விழையும் இளம் ஆய்வாளர்கள் இவ்வெல்லையை முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

புலம்பல்: யாருடைய குரல்?

மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், உற்றார் புலம்பல் எனத் தலைப்பிட்ட பாக்கள் கல்வெட்டின் பாடற்பகுதியை நிரப்புகின்றன. இவ்வரிசையே உறவின் படிநிலை. இவற்றை இயற்றியவர் பெரும்பாலும் ஊரறிந்த ஒரு புலவர் அல்லது தமிழாசிரியர்; குடும்பத்தாரிடம் விவரம் கேட்டு, ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு பாவை வைத்தவர். பாரி மகளிரும் பெருங்கோப்பெண்டும் தம் இழப்பைத் தாமே பாடியதாகப் புறநானூற்று மரபு கொள்கிறது. ஒப்பாரியும் பெண்கள் தாமே கட்டிப் பாடுவது. அங்கே கணவனின் குறையும் மாமியின் கொடுமையும் பங்காளியின் வஞ்சனையும் அழுகையோடு கலந்து வெளிவரும். அச்சுக்கு வந்த மனைவி புலம்பலில் அவை இல்லை. குங்குமம் இழந்தேன், துணை இழந்தேன் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. பெண்ணின் பெயரில் ஆணின் எழுதுகோல் பேசும்போது துயரம் எஞ்சுகிறது, முறைப்பாடு நீங்குகிறது. ஆகவே ஒரே ஊரில் பதிவான ஒப்பாரியையும் அச்சான புலம்பலையும் அருகருகே வைத்துப் படிப்பது, ஒன்றைத் தனியே படிப்பதைக் காட்டிலும் பயன் மிகுந்தது.

அண்மைக் கால மலர்களில் யாப்பு அருகி, பிள்ளைகளும் பேரர்களும் தாமே எழுதிய உரைநடைக் குறிப்புகள் பெருகியுள்ளன. மரபு வழுவியது என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தில் எனக்கு உடன்பாடில்லை. அம்மம்மா என்ன சமைத்தார், எந்தப் பாட்டை முணுமுணுத்தார், தொலைபேசியில் முதலில் என்ன கேட்பார் என்பன புலவரின் எண்சீர் விருத்தத்தில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

தொகுத்தலும் பயன்கொள்ளலும்

கல்வெட்டுக்கு விலையில்லை, பதிப்பகம் இல்லை, விற்பனை இல்லை. அந்தியேட்டிக்கு வருவோர் தொகையே அச்சுப்படிகளின் தொகை. இதனால் நூலகங்களுக்கு இவை ஒழுங்காகச் சென்றடைவதில்லை. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர நேர்ந்ததும் பொது, தனியார் சேகரிப்புகள் இரண்டையும் சிதைத்தன. ஆயினும் ஒவ்வொரு கல்வெட்டும் பல வீடுகளுக்குச் சென்றிருந்தமையால், ஓர் ஊரில் அழிந்தது இன்னோர் ஊரில் அல்லது கடல்கடந்த வீட்டில் தப்பிக் கிடைக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் நினைவு மலர்களைத் தனிப்பகுப்பாகச் சேர்த்துவருவது குறிப்பிடத்தக்க பணி.

பட்டியலாக்கத்தில் ஒரு குறை தொடர்கிறது. திருமணமான பெண்ணின் பெயரோடு கணவர் பெயரே ஒட்டி வருவதால், அகரவரிசையில் அவர் பிறந்த குடும்பத்தோடு தொடர்பற்றுப் போகிறார். தந்தை பெயரும் பிறந்த ஊரும் உள்ளே அச்சாகியிருக்க, தேடுவோர் கையில் அது அகப்படுவதில்லை. இவ்விரண்டையும் தனிப் புலங்களாகப் பதிவது கடினமான வேலையன்று.

அண்மையில் இறந்தோரின் மலர்களைப் பயன்படுத்துவதில் ஒழுக்கச் சிக்கலும் உண்டு. இருநூறு உறவினருக்கென அச்சிட்ட நூலில் உயிரோடிருக்கும் பிள்ளைகளின் முழுப்பெயரும் வாழும் நகரமும் தாயின் கன்னிப்பெயரும் உள்ளன. வங்கிகள் அடையாளச் சோதனைக்குக் கேட்பவையும் இத்தகைய விவரங்களே. குடும்பத்தின் இசைவின்றி அண்மைக்கால மலர்களைத் திறந்த அணுக்கத்தில் வைப்பதையும், உயிருள்ளோர் பெயர்களை ஆய்வேட்டில் அப்படியே எடுத்தெழுதுவதையும் தவிர்ப்பதே முறை.

நாள் இல்லாத இறப்புகள்

நாளும் ஊரும் உறவும் சேர்ந்தே கல்வெட்டு என்றோம். போர் இம்மூன்றில் முதலிரண்டையும் பலரிடமிருந்து பறித்தது. செல்வீச்சிலும் இடப்பெயர்விலும் இறந்தோர்க்குப் பிந்தி வெளிவந்த மலர்களில் அகாலத்தில், எதிர்பாராத விதமாக, இடப்பெயர்வின்போது என்ற சொற்கள் காரணத்தின் இடத்தில் நிற்கின்றன. எழுதியோர் அஞ்சியதும் உண்டு. எழுத மனம் வராததும் உண்டு. எது எங்கே என்பதை உள்ளூர் அறிவின்றி முடிவு செய்யக்கூடாது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் நிலை இதனின் வேறானது. திதி தெரியாது இறந்த தந்தைக்கு ஆடி அமாவாசையிலும் தாய்க்குச் சித்திரா பௌர்ணமியிலும் கடன் செலுத்த மரபில் வழியுண்டு. அவ்வழி, இறப்பு உறுதியானவர்க்கே உரியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் உறவினர் கையில் ஏந்திய படங்கள், ஒரு கல்வெட்டின் அட்டைக்கு ஏற்ற அதே அளவான கடவுச்சீட்டுப் படங்களும் பள்ளிக்கூடப் படங்களுமே. கல்வெட்டு வெளியிடுவது இறப்பை ஒப்புக்கொள்வதாகும் என்பதால் அவர்களுக்கு அது எழுதப்படுவதில்லை. 2016இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட காணாமற்போனோர் அலுவலகம் வழியாக வழங்கப்படும் இல்லாமைச் சான்றிதழை ஏற்பதிலும் குடும்பங்களிடையே இதே தயக்கம் உண்டு. விரோதி ஆண்டுச் சித்திரை, வைகாசி மாதங்களுக்குரிய திதி வெண்பாக்களை நினைவு மலர்த் தொகுப்புகளில் தேடி எண்ணும் ஆய்வாளர், கிடைக்கும் எண்ணிக்கையை இறந்தோரின் எண்ணிக்கையோடு தொடர்புபடுத்துமுன் இதனைக் கருதவேண்டும்.